நடுப் பஞ்சு

செயலாளர் என்றதும் ஏதோ அரசாங்கத்துக்கோ கட்சிக்கோ செயலாளர் என்று எண்ணிவிட வேண்டாம். நான்கு மாடி, இருபத்துநான்கு வீடு, பாதி நாள் மூச்சுவாங்கி நின்றுவிடும் ஒரு லிஃப்ட். இவை அடங்கிய குடியிருப்பின் நலச் சங்கத்துக்குச் செயலாளர். எதிர்த்து நிற்க ஆளில்லாததால் ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்த 'ஒருமனதாக'வை அன்று கையில் எடுத்தவர் இன்றுவரை கீழே வைக்கவில்லை. தண்ணீர்த் தொட்டி வழிந்தால் அவருக்கு அது நீர் மேலாண்மை. குப்பை வண்டி வராவிட்டால் அணுகுமுறைச் சிக்கல். மனைவி அவரைச் 'செயலாளர்' என்று சொல்ல ஆரம்பித்தது கிண்டலுக்குத்தான். கிண்டல் என்று அவருக்குப் புரியாததால் அதுவே பழகிவிட்டது.

அவருக்கு ஒரு மழைநாள் மின்வெட்டில் யோசனை பிறந்தது. ஒரு மாலை, ஒரு மணி நேரம், குடியிருப்பு முழுவதும் விளக்கை அணைப்பது. வீட்டுக்கு வீடு ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுவது. பிறகு எல்லாரும் முற்றத்தில் கூடி அவர் பேசுவதைக் கேட்பது. பூமியைக் காப்பாற்றும் வேலையில் மூன்றாவது அம்சம்தான் முக்கியம் என்பதை யாரும் சொல்லாமலே புரிந்துகொண்டார்கள். வார்டு உறுப்பினர் வருவதாக ஒப்புக்கொண்டதும் யோசனை திட்டமாகிவிட்டது. திட்டம் என்றால் நினைவுப் பரிசு வேண்டாமா?

"மெழுகுவத்திக்கு அடியில வைக்கிற மாதிரி ஒரு சின்ன விரிப்பு. உள்ள பஞ்சு வச்சு, மேல துண்டுத் துணி ஒட்டுப்போட்டு. ஒரு பொருளும் காசு குடுத்து வாங்கக் கூடாது. கழிவிலிருந்து கலை!" என்றார் சாப்பாட்டு மேசையில். சொல்லிவிட்டுத் தன் சொல்லின் அழகில் தானே ஒரு கணம் நின்றார். பிறகு, நான்கு வருடத்தில் முதல் தடவையாக, மேசையின் மூலையில் இருந்தவளை நேராகப் பார்த்தார். "நம்ம வீட்டுலயே கலைஞர் இருக்கும்போது வெளிய எதுக்குப் போகணும்?"

மூலையில் இருந்தவள் அவர் மனைவியின் தங்கை. வயது நாற்பத்தைந்தைத் தாண்டியும் சின்னவள் என்றே பெயர் நின்றுவிட்டது. திரைச்சீலைக் கடையில் தையல் வேலை. கட்டியவன் வெளியூருக்கு வேலைக்குப் போனான், போன இடத்திலேயே வேறு குடும்பமும் கிடைத்ததால் திரும்பி வரும் செலவை மிச்சப்படுத்திக்கொண்டான். அன்றிலிருந்து சின்னவள் அக்கா வீட்டில், சமையலறையை ஒட்டிய சிறிய அறையில் இருக்கிறாள். ஒரு கட்டில், ஒரு தையல் இயந்திரம், இரண்டுக்கும் நடுவில் ஒருக்களித்து நடக்க இடம். செயலாளர் அந்த அறையைத் 'தற்காலிக ஏற்பாடு' என்பார். போ என்று அவர் சொன்னதில்லை. இரு என்றும் சொன்னதில்லை. "கடையெல்லாம் எப்படிப் போகுது?" என்று தினமும் கேட்பார். பதில் வருவதற்குள் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுவார்.

ஆகவே 'நம்ம வீட்டுக் கலைஞர்' என்ற மூன்று வார்த்தை அவளை என்ன செய்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அன்று இரண்டாவது முறை சோறு போட்டுக்கொண்டாள்.

வேலையில் குறை வைக்கிறவள் இல்லை. கடையில் திரை வெட்டி மிஞ்சிய துண்டுகளை முதலாளியிடம் கேட்டு மூட்டையாகக் கொண்டுவந்தாள். நெருப்புக்குப் பக்கத்தில் வைக்கிற பொருளில் பருத்தி தவிர எதுவும் இருக்கக் கூடாது என்பது அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு துண்டிலும் ஒரு நூலை உருவி, தீக்குச்சியில் காட்டிப் பார்த்தாள். பருத்தி காகிதம்போல் எரிந்து சாம்பலாய் உதிரும். பாலியஸ்டர் சுருண்டு, உருகி, கறுப்பு மணியாய் விரலில் ஒட்டும். உருகியதையெல்லாம் ஒதுக்கினாள். எட்டு முக்கோணத் துண்டு ஒன்று சேர்ந்தால் ஒரு நட்சத்திரம். அதைச் சுற்றிக் கட்டம், கட்டத்தைச் சுற்றிப் பைப்பிங் என்கிற உருண்டை ஓரப் பட்டை. உள்ளங்கையை விரித்து வைத்தால் கொஞ்சம் மிஞ்சுகிற அளவு. இருபத்துநான்கிலும் ஒரே நிறச் சேர்க்கை இரண்டு தடவை வராமல் பார்த்துக்கொண்டாள். யாரும் கவனிக்கப் போவதில்லை என்று தெரிந்தே செய்த வேலை அது.

உள்ளே வைக்கப் பஞ்சு? அக்கா தன் பழைய பஞ்சுப் போர்வையைக் கொடுத்தாள். "கல்யாணத்தப்ப வாங்கினது. சுத்தப் பருத்தி. இப்ப யாரு இதைத் தூக்கிப் போத்திக்கிறா?" என்றாள். பஞ்சை மெல்லிய மல் துணிக்குள் அடக்கிக் குறுக்கும் நெடுக்கும் தைத்திருந்தது. அந்த மல் துணியோடு அப்படியே சதுரம் சதுரமாக வெட்டிவிட்டால் பஞ்சு கலையாது, வேலை சுலபம். ஓரத்தில் கிழிந்திருந்த இடத்தில் ஒரு பிசிறு எடுத்துத் தீயில் காட்டினாள். காகித வாசனை, சாம்பல். திருப்தி. வெட்டினாள், தைத்தாள். விழாவுக்கு ஒரு வாரம் முன்னால் செயலாளரே வீடு வீடாகப் போய், ஆளுக்கொரு சிற்றுரையுடன், விரிப்பும் மெழுகுவர்த்தியும் வழங்கினார். மெழுகுவர்த்தி என்றால் தகரக் கிண்ணத்தில் ஊற்றிய குட்டி மெழுகுவர்த்தி. கடையில் இருப்பதிலேயே மலிவானது. காசு கொடுத்து வாங்கக் கூடாதென்ற கொள்கையில் அது ஒன்றுக்கு மட்டும் விலக்கு.

விழா அன்று காலையில் அவருக்கு இன்னொரு ஆசை முளைத்தது. மேடை மேசைக்குப் பெரிய விரிப்பாக ஒன்று. சின்னவள் கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். போர்வையில் மிஞ்சியிருந்தது நடுப்பகுதியில் ஒரு அகலத் துண்டு. அதை வெட்டி வைத்து, மேலே இஸ்திரிப் பெட்டியை அழுத்தினாள். பெட்டி நகர மறுத்தது. இழுத்தாள். மல் துணி கிழிந்து, பெட்டியின் அடியிலிருந்து வெள்ளையாக இழை இழையாக ஏதோ நீண்டு வந்தது. அறையெல்லாம் பிளாஸ்டிக் நாற்றம்.

அந்த நாற்றம் அவளுக்குப் புதிதில்லை. போன வாரம் தைக்கும்போதும் இரண்டொரு தடவை அடித்தது. பெட்டி பழசு, அடியில் ஏதோ ஒட்டியிருக்கும் என்று நினைத்து, அடியை ஈரத்துணியால் துடைத்துவிட்டுத் தொடர்ந்திருந்தாள்.

மல் துணியை முழுக்கப் பிரித்தாள். ஓரத்தில் பழுப்பேறிய, கனமான, கட்டிதட்டிய பருத்தி. நடுவில் பளிச்சென்ற வெள்ளை, அமுக்கினால் துள்ளி எழுந்தது. ஒரு பிசிறைக் கொளுத்தினாள். கறுப்பு மணி.

"அக்கா!"

அக்கா கரண்டியுடன் வந்தாள். பார்த்தாள். முகத்தில் மெதுவாக ஒரு ஞாபகம் ஏறியது.

"அய்யய்யோ... நடுவுல பஞ்சு கட்டி கட்டியாப் போச்சுன்னு ஒரு தடவை மாத்தக் குடுத்தேனேடி. எங்கயோ ஒரு கடையில. அவன் என்ன வச்சானோ."

"இதை முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"மறந்துபோச்சு. அதான் நீ கொளுத்திப் பாத்தியே?"

"ஓரத்துல பாத்தேன்."

அக்கா குனிந்து அந்த வெள்ளைப் பஞ்சை விரலால் அமுக்கிப் பார்த்தாள்.

"இருபத்துநாலுல எதெது நடுவுல வெட்டினது?" என்றாள்.

"எனக்கென்ன தெரியும்? மேல பாத்தா எல்லாம் ஒரே மாதிரி. இறுக்கித் தைச்சுட்டேன், அமுக்கினாலும் தெரியாது."

வீட்டுக்கென்று கொடுத்த விரிப்பைச் செயலாளர் கண்ணாடி அலமாரியில், தன் கோப்பைகளுக்கு நடுவில் வைத்துப் பூட்டியிருந்தார். அதனால் சின்னவள், தைத்ததில் பைப்பிங் கோணிப்போய் ஒதுக்கிய ஒன்றைக் குளியலறைத் தரையில் வைத்து, குட்டி மெழுகுவர்த்தியை ஏற்றினாள். வெகு நேரம் ஒன்றும் ஆகவில்லை. நல்ல காலம், இதன் உள்ளே பருத்திதான்போல என்று மனசு தளர ஆரம்பித்த சமயம், மெழுகு முழுவதும் உருகித் தண்ணீராகி, தகரக் கிண்ணம் கொதித்து, விரிப்பு நடுவில் வட்டமாக அமுங்கியது. கிண்ணம் சாய்ந்தது. சுடரும் மெழுகும் சேர்ந்து நட்சத்திரத்தின் மேல் ஓடின. துணி பற்றியது. உள்ளிருந்தது உருகி, எரிந்துகொண்டே சொட்டியது. அக்கா வாளித் தண்ணீரைக் கவிழ்த்தாள்.

இருவரும் ஈரக் காலுடன் நின்றார்கள்.

"சொல்லிடலாம்க்கா."

"இன்னிக்கு ஒரு நாள் பொறுத்துக்கோடி. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல இந்த மனுஷன் இவ்வளவு நாள் சேர்ந்தாப்ல சிரிச்ச முகமா இருந்து நான் பாத்ததில்ல."

"வீடு பத்திக்கிட்டா?"

அக்கா கரண்டியை அப்போதுதான் கையில் பார்த்தாள். "சொல்லு. ஆனா நான் கொடுத்த போர்வைன்னு சொல்லாத."

செயலாளர் படுக்கையறைக் கண்ணாடி முன் நின்று, கண்ணாடியிலிருந்தவரை "பெருந்திரளாகக் கூடியிருக்கும் பெரியோர்களே" என்று விளித்துக்கொண்டிருந்தார். சின்னவள் வாசலிலேயே நின்று, மென்று விழுங்கி, விஷயத்தைச் சொன்னாள். போர்வை யாருடையது என்பதை மட்டும் விட்டுவிட்டாள்.

அவர் முழுக்கக் கேட்டார். அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

"சரி, என்ன செய்யலாங்கிற?"

"அடியில ஒரு எவர்சில்வர் தட்டு வைக்கச் சொல்லலாம் மாமா. இல்ல, விரிப்பைத் திருப்பி வாங்கிடலாம்."

"தட்டு வச்சு, தட்டு மேல மேட் வச்சு, மேட் மேல மெழுகுவத்தியா? தட்டு இருக்கும்போது மேட் எதுக்குன்னு நாளைக்கு எவனாவது கேப்பானா மாட்டானா?"

"கேக்கட்டும் மாமா."

"கேக்கட்டுமா? 'கழிவிலிருந்து கலை'ன்னு வார்டு உறுப்பினர்கிட்ட சொல்லி வச்சிருக்கேன். அந்தம்மா அதைத் தன்னோட பேச்சுலயும் சேர்த்துக்கிறேன்னுட்டாங்க. இப்பப் போய், அது கலையில்ல, கொள்ளின்னு சொல்லவா?" அவர் கண்ணாடியைப் பார்த்து வேட்டியைச் சரி செய்தார். "ஒரு மணி நேரம்தானே. ஒண்ணும் ஆகாது. நீ இதை வெளிய சொல்லிட்டுத் திரியாத. சங்கத்தோட மானம்."

சங்கத்துக்கு மானம் என்று ஒரு உறுப்பு இருப்பது சின்னவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

வெளியே சொல்லக் கூடாது என்றார், வெளியே போகக் கூடாது என்று சொல்லவில்லை. அவள் ஒரு கூடையை எடுத்துக்கொண்டு படியேறினாள். மனசுக்குள் ஒரு பொய்யைத் தைத்து வைத்திருந்தாள்: ஓரத்தில் ஒரு தையல் விட்டுப்போயிற்று, கொடுத்தால் சரி செய்து தருகிறேன்.

முதல் வீட்டில் கதவைத் திறந்த பெண் திருதிருவென்று விழித்தாள். "எது? ஓ, அதுவா? அது சூட்டுப் பாத்திரம் பிடிக்கிற துணி இல்லையா?" அடுப்பு மேடையில் குழம்புக் கறையுடன் கிடந்ததைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

பல் வைத்தியர் வீட்டில் அது தண்ணீர் வடிகட்டியின் குழாய்க்கு அடியில் சொட்டு வாங்கிக்கொண்டிருந்தது. கணினி வேலை பார்க்கும் புதுத் தம்பதி அதன் மேல் மவுஸ் ஓட்டினார்கள். "சூப்பரா வழுக்குதுக்கா" என்று நற்சான்றும் கிடைத்தது. இன்னொரு வீட்டில் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. கீழ்த்தளத்துக் கடிகாரம் பழுதுபார்ப்பவர் தரவே மாட்டேன் என்றார்.

"எதுக்கும்மா? அருமையா இருக்கு. இது மேல வச்சுப் பிரிச்சா ஒரு திருகாணி உருண்டு ஓடாது."

"இல்லைங்க, மெழுகுவத்தி ஏத்தினா..."

"மெழுகுவத்தியா? அதை எவன் ஏத்தப் போறான்? உங்க மாமா கீழ வந்து பேசறப்போ நான் மேல டார்ச் அடிச்சுட்டு வேலை பாப்பேன்."

நான்காம் மாடியில் ஓர் அம்மா அதைச் சட்டம் போட்டுக் கூடத்துச் சுவரில் மாட்டியிருந்தாள். "இவ்வளவு அழகான பொருள் மேல மெழுகை ஒழுகவிட்டு அழுக்காக்கறதாவது! உங்க மாமாவுக்கு ரசனையே கிடையாதும்மா." சின்னவள் சட்டத்துக்குள் இருந்த நட்சத்திரத்தை ஒரு தடவை பார்த்தாள். "மாட்டியே இருக்கட்டும். ஏத்த மட்டும் ஏத்தாதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

படியில் இறங்கும்போது நெஞ்சில் இரண்டு பாரம் இருந்தது, ஒன்றோடொன்று ஒட்டாதவை. யாரும் ஏற்றப் போவதில்லை, அப்பாடா. யாரும் ஏற்றவே நினைக்கவில்லை, அப்படியா. கண் எரிய எரிய நிறம் சேர்த்தது வடிகட்டிக்கு அடியில் நனைவதற்குத்தானா என்று மனசு கேட்டது. நீ வைத்த பஞ்சுக்கு இது போதாதா என்று அதே மனசு பதிலும் சொன்னது.

மூன்றாம் மாடியில், வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அம்மாவின் வீட்டில், விரிப்பு இல்லை.

"என் சம்பந்திக்குக் குடுத்தனுப்பிட்டேனே" என்றாள் வங்கியம்மா. "மாப்பிள்ளையோட அம்மா. எங்களுக்குள்ள பேச்சுவார்த்தை நின்னு பல மாசமாச்சு. வளைகாப்புல யாரை முதல்ல கூப்பிட்டாங்கன்னு ஒரு... விடு. நம்ம பக்கத்துல இருந்து ஒரு படி இறங்கிப் போவோமேன்னு, உன் மாமா குடுத்த அன்னிக்கே மெழுகுவத்தியோட சேர்த்துப் பொண்ணுகிட்ட குடுத்துவிட்டேன். அவ்வளவு லட்சணமா இருந்துச்சு. என்ன பிரயோஜனம்? முன்னாடி பேச மாட்டா. இப்ப போனையே எடுக்க மாட்டேங்கிறா."

சின்னவள் கூடையைக் கீழே வைத்தாள். "அவங்க நம்பர் கொஞ்சம் குடுங்கம்மா."

"எதுக்கு?"

"ஓரத்துல தையல்..."

"தையல் விட்டுப்போச்சுன்னு எவளாவது சம்பந்தி வீட்டுக்குப் போன் பண்ணுவாளா? குடுத்த பொருளைத் திருப்பிக் கேட்டான்னு ஊரெல்லாம் தமுக்கடிப்பா. போம்மா, ஒரு தையல்தானே, பிரிஞ்சா பிரியட்டும்."

உண்மையைச் சொல்லியிருந்தால் நம்பர் கிடைத்திருக்கும். நாக்கு நுனிவரை வந்தது. அந்தச் சிறிய அறையும், கட்டிலுக்கும் இயந்திரத்துக்கும் நடுவில் ஒருக்களித்து நடக்கும் இடமும் கண்முன் வந்து நின்றன. சின்னவள் கூடையைத் தூக்கிக்கொண்டு கீழே வந்துவிட்டாள்.

பூட்டியிருந்த வீட்டுக்காரர்களை மாலையில் வாசலிலேயே மடக்கி, கையோடு மேலே போய் வாங்கினாள். பொழுது சாயும் நேரத்துக்கு இன்னும் பயப்பட வேண்டியவை இரண்டுதான். ஒன்று சம்பந்தி வீட்டில். இன்னொன்று செயலாளரின் அலமாரியில். அதன் சாவி அவர் இடுப்பில்.

முற்றத்தில் நாற்காலி போட்டு விளக்கை அணைத்தார்கள். இருபத்துநான்கு ஜன்னலில் எதிலும் மெழுகுவர்த்தி தெரியவில்லை. ஆனால் கூடியவர்கள் கையிலெல்லாம் கைபேசி வெளிச்சம் இருந்தது. பூமிக்கு அன்று ஓய்வு கிடைத்ததா என்று பூமிதான் சொல்ல வேண்டும். செயலாளர் இடுப்புச் சாவியால் திறந்து எடுத்துவந்த விரிப்பை மேடை மேசையில் விரித்து, நடுவில் குட்டி மெழுகுவர்த்தியை வைத்து, கூட்டத்தில் நின்ற சின்னவளை ஒரு பார்வை பார்த்தபடி ஏற்றினார். எங்கே எரிந்துவிடுகிறது பார்ப்போம் என்று நெருப்புக்கே உத்தரவு போடுகிற பார்வை.

வார்டு உறுப்பினர் வருவதற்கு வெகு நேரமாயிற்று. மெழுகு உருகிக்கொண்டே இருந்தது. வந்தவர் சுருக்கமாகப் பேசினார், 'கழிவிலிருந்து கலை'யைத் தன்னுடைய சொல்லாகவே சொல்லி அமர்ந்தார். இழந்ததைப் பிடிக்கும் வேகத்தில் செயலாளர் எழுந்தார். ஒலிபெருக்கி இல்லாததால் கையையும் சேர்த்துப் பேசினார். வரலாறு வந்தது. வருங்காலச் சந்ததி வந்தது. 'ஒருமனதாக' இரண்டு தடவை வந்தது. சின்னவள் எதையும் கேட்கவில்லை. கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது ஒரு பக்கமாக அமுங்குவதைக் கண்டதும் முன்னால் நகர ஆரம்பித்தாள். அக்கா பின்னாலிருந்து புடவைத் தலைப்பைப் பிடித்தாள். தலைப்பு கையில் நிற்காமல் நழுவியது.

"இருளிலிருந்து..." என்று செயலாளர் மேசையைத் தட்டினார்.

கிண்ணம் கவிழ்ந்தது. நட்சத்திரம் பற்றிக்கொண்டது. அவர் காகிதத்தை முகத்துக்கு நேரே பிடித்திருந்ததால் தெரியவில்லை. "ஒளிக்கு" என்று முடித்தபோது உருகிய பஞ்சு எரிந்துகொண்டே மேசை விளிம்பிலிருந்து அவர் வேட்டிக்குப் பக்கத்தில் சொட்டியது. சின்னவள் வார்டு உறுப்பினருக்கு வைத்திருந்த தண்ணீர்க் கூஜாவை எடுத்து, மேசையின் மேல் கவிழ்த்தாள். மெழுகுவர்த்தி, விரிப்பு, வருங்காலச் சந்ததி அடங்கிய காகிதம், செயலாளரின் சட்டை முன்புறம், எல்லாம் ஒரே வீச்சில் நனைந்தன.

மேடை இருண்டது. எவரோ சிரித்தார்கள்.

"தப்பு என்னோடதுங்க. உள்ள வச்ச பஞ்சு..." என்று ஆரம்பித்தாள் சின்னவள்.

"பார்த்தீர்களா!" என்று அவர் குரல் அவள் குரலின் மேல் வந்து விழுந்தது. "இதைத்தான் நேரில் காட்ட விரும்பினேன்! ஒரு கணக் கவனக்குறைவு! அதே கணத்தில் விழிப்புள்ள ஒரு கை! தீப் பாதுகாப்புச் செயல்விளக்கம் இத்துடன் நிறைவடைகிறது!"

சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட அவர் கைகூப்பினார். வார்டு உறுப்பினர் முதலில் தட்டினார். மற்றவர்கள் தொடர்ந்தார்கள். சின்னவள் வாயில் நின்றுபோன வாக்கியத்தை அந்தக் கைதட்டலில் எங்கே வைப்பது என்று தெரியாமல், காலி கூஜாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு மனிதனிடமிருந்து எதை வேண்டுமானாலும் பறிக்கலாம் என்பார்கள். செய்த குற்றத்தையே பறித்துக்கொள்ள முடியும் என்பதை அவள் அன்று பார்த்தாள்.

மறுநாள் காலை மேசையில் செயலாளர் உற்சாகமாகவே இருந்தார். வாழ்த்துச் சொல்லி நான்கு பேர் கூப்பிட்டிருந்தார்கள். அக்கா தங்கையின் பக்கம் திரும்பாமல் பரிமாறினாள். வேட்டியின் மேல் விழவேண்டிய நெருப்பை அணைத்தவள் என்பதைவிட, புருஷன் சட்டையை ஊர் பார்க்க நனைத்தவள் என்பதுதான் அவளுக்குப் பெரிதாகப் பட்டது.

"முடிஞ்சது முடிஞ்சு போச்சு" என்றார் செயலாளர் தட்டைப் பார்த்துக்கொண்டே. "நேத்து நடந்தது செயல்விளக்கம். அப்படித்தான் எல்லாருக்கும் தெரியும். அதுக்கு மேல ஒரு வார்த்தை வெளிய போச்சுன்னா..." அவர் சமையலறைப் பக்கம் கண்ணைக் காட்டினார். "சங்கக் கோப்பெல்லாம் வைக்க ஒரு ரூம் வேணும்னு ரொம்ப நாளா நினைச்சிட்டிருக்கேன்."

"இன்னும் ஒண்ணு வெளிய இருக்கு மாமா. வங்கியம்மாவோட சம்பந்தி வீட்டுல."

"இருந்துட்டுப் போகட்டும். அது நம்ம குடியிருப்புக்குள்ள வராது."

அவள் தட்டைக் கழுவி வைத்தாள். கையைத் துடைத்தாள். கடைக்குக் கிளம்புகிற மாதிரி பையை மாட்டிக்கொண்டு, வாசலுக்கு வெளியே வந்து, கீழே இறங்காமல் மேலே ஏறினாள்.

வங்கியம்மாவிடம் இந்தத் தடவை தையலைப் பற்றிப் பேசவில்லை. ஓரத்தையும் நடுவையும் பற்றி, இஸ்திரிப் பெட்டியின் நாற்றத்தைத் துடைத்துவிட்டுத் தைத்ததைப் பற்றிச் சொன்னாள். "நேத்து எரிஞ்சது செயல்விளக்கம் இல்லம்மா. என்னோட தப்பு. அது அவங்க வீட்டுல எரியறதுக்குள்ள நான் பேசணும்."

வங்கியம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். கைபேசியை எடுத்து எண்ணை அழுத்தி, தணலைத் தொட்டவள்போல் அவள் கையில் திணித்தாள். "என் நம்பர்னா எடுக்க மாட்டா."

எடுக்கவில்லை. சின்னவள் தன் கைபேசியிலிருந்து கூப்பிட்டாள். மணி அடித்தது, அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது.

"யாரு?"

சின்னவள் ஒரே மூச்சில் சொன்னாள். எதிர்முனையில் ஏதோ பாத்திரம் டங்கென்று இறங்கியது.

"இப்பச் சொல்றியா?" என்றது அந்தக் குரல். "குடுத்த மறுநாளே ஏத்தினேன். தேக்கு மேசை. நடுவுல இவ்வளவு பெரிசா கருகிப்போச்சு. அணைக்கப் போய் உருகினது கையில ஒட்டி, தோலோட வந்துச்சு. இன்னும் கட்டுப் போட்டுட்டிருக்கேன்."

சின்னவளுக்கு "எந்தக் கைங்க?" என்றுதான் கேட்க வந்தது.

"வலது கை. சோறு ஸ்பூன்ல சாப்பிடறேன். நான் என்ன நினைச்சேன் தெரியுமா? வேணும்னே குடுத்தனுப்பியிருக்கா, பாவின்னு நினைச்சேன். மகன்கிட்ட, சொந்தக்காரங்ககிட்ட, எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். மருமககிட்ட மட்டும், உங்கம்மாகிட்ட மூச்சு விட்டேன்னா பாருன்னு வாயை அடைச்சுட்டேன்."

"அவங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. ஆசையாத்தான் குடுத்தாங்க. தைச்சது நான். பஞ்சை நடுவுல பாக்காம விட்டதும் நான்தான்."



"அப்ப... அவ வேணும்னு செய்யலையா?" குரலில் நிம்மதி தெரியும் என்று சின்னவள் எதிர்பார்த்தாள். தெரிந்தது ஏமாற்றம். நன்றாக வளர்ந்துவந்த ஒரு மனஸ்தாபத்தைத் திடீரென்று பிடுங்கிக்கொண்டால் யாருக்கும் வருத்தமாகத்தான் இருக்கும்.

பக்கத்தில் காதை ஒட்டி வைத்துக் கேட்டுக்கொண்டிருந்த வங்கியம்மா கைபேசியைப் பறித்தாள். "கையில கட்டா? எனக்கு ஏன் சொல்லல?" "நீ ஏன் கேக்கல?" "போனை எடுத்தாத்தானே கேப்பேன்!" பல மாதப் பாக்கி ஒரே நேரத்தில் வசூலாக ஆரம்பித்தது. நடுவில் ஒரு கணம் கைபேசியைப் பொத்திக்கொண்டு, "உன் மாமா பெரிய ஆள்தாண்டி! செயல்விளக்கமாம்ல!" என்று சின்னவளிடம் கண்ணை உருட்டினாள். அந்த உருட்டலைப் பார்த்ததுமே, இன்று மாலைக்குள் இருபத்துநான்கு வீட்டுக்கும் விஷயம் போய்ச் சேர்ந்துவிடும் என்பது சின்னவளுக்குத் தெரிந்துபோயிற்று.

மாலை வரைகூடப் பொறுக்கவில்லை. மத்தியானம் அவள் கடையிலிருந்து சாப்பிட வந்தபோது சிறிய அறையின் வாசலில் ஓர் அட்டைப்பெட்டி உட்கார்ந்திருந்தது. மேலே பெரிய எழுத்தில் 'சங்கக் கோப்புகள்'. கூடத்தில் செயலாளர் தச்சரிடம் அலமாரிக்கு அளவு சொல்லிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்தும் குரலைத் தாழ்த்தவில்லை.

அவள் பெட்டியைத் தாண்டி உள்ளே போனாள். கூடையை மடியில் வைத்து, முதல் விரிப்பை எடுத்து, பைப்பிங்கைப் பிரிக்க ஆரம்பித்தாள். எது பருத்தி, எது இல்லை என்று ஒவ்வொன்றாகப் பார்த்துவிட வேண்டும். கட்டுப் போட்ட வலது கை கண்ணைவிட்டுப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை அங்கே நேரில் போக வேண்டும். எந்த வீட்டிலிருந்து கிளம்பிப் போவாள் என்பதுதான் தெரியவில்லை.

வாசலில் நிழல் விழுந்தது. அக்கா. முந்தானையில் கையைத் துடைத்தாள், கூடத்துப் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தாள், பிறகு அந்த அட்டைப்பெட்டியின் மேலேயே உட்கார்ந்தாள். சங்கத்தின் கோப்புகள் அவள் எடைக்கு ஒரு பக்கமாக நசுங்கின.

"எந்தக் கடையில மாத்தக் குடுத்தேன்னு நேத்திலருந்து யோசிக்கிறேன். ஞாபகமே வரல" என்றாள்.

சின்னவள் இன்னொரு விரிப்பின் பைப்பிங்கைப் பிரித்தாள்.

"கத்திரிக்கோல் இன்னொண்ணு இருக்கா?"

சின்னவள் இயந்திரத்தின் இழுப்பறையைத் திறந்து ஒன்றை எடுத்து நீட்டினாள். அக்கா கூடையிலிருந்து ஒரு விரிப்பை எடுத்து, எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் புரட்டிப் பார்த்தாள்.

கூடத்தில் தச்சர், அலமாரி எவ்வளவு ஆழம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.